மூணு மடங்கா, ரெண்டு மடங்கா?

போன மழைக்காலத்தில் ஒரு நாள் கோத்தகிரியில் பஸ்ஸுக்காக ஒரு டீக்கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். உள்ளே கேரட் விலையைப் பற்றிப் பேச்சு. கிலோ 20 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த கேரட் சில வாரத்தில் 60 ரூபாய்க்கு வந்துவிட்டது. "மூணு மடங்கு ஏறிப்போச்சுங்கண்ணா" என்றார் ஒருவர். எதிரில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கணக்கைச் சரியாச் சொல்லு தம்பி. இருபது அறுபதாச்சு, ஏறினது நாப்பது. இருபதுக்கு நாப்பது ரெண்டு மடங்கு. ரெண்டு மடங்குதான் ஏறியிருக்கு."

இரண்டு பேரும் விடவில்லை. கடைக்காரர், "எத்தனை மடங்கா இருந்தா என்னங்க, நம்ம தோட்டத்துல கேரட் இல்லாதப்பதான் ஏறுது" என்று சொல்லி அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். பஸ் வந்தது, நானும் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அந்தச் சண்டைதான் மனதில் ஓடியது. பல வருஷமாக மாலையில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை தடுமாறும் அதே இடத்தில்தான் அறுபது வயதுக்காரரும் தடுமாறுகிறார். வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரியும். பெருக்கல் என்ன வேலை செய்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. கேரட் வழக்குக்குப் பிறகு வருகிறேன். முதலில் டீ.

ஐந்து ரூபாயும் ஐந்து ரூபாயும்

10 ரூபாய் டீ திடீரென்று 15 ரூபாய் ஆனால் கடையில் சத்தம் கேட்கும். அதே வாரத்தில் 900 ரூபாய் சிலிண்டர் 905 ஆனால் யாரும் ரசீதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டிலும் ஏறியது ஐந்து ரூபாய்தான். அப்புறம் ஏன் டீக்கு மட்டும் இத்தனை கோபம்?

நம் மனது ஒரே சமயத்தில் இரண்டு விதமாக ஒப்பிடுகிறது. "எவ்வளவு கூட?" என்பது ஒரு கேள்வி. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் விடை. அந்த விடைக்குப் பெயர் வித்தியாசம். "எத்தனை மடங்கு?" என்பது இன்னொரு கேள்வி. பழைய விலையை எந்த எண்ணால் பெருக்கினால் புதிய விலை வரும் என்று பார்க்க வேண்டும். டீக்கு விடை ஒன்றரை. சிலிண்டருக்கு விடை ஒன்றுக்கு மேலே ஒரு தூசு அளவுதான்.

வித்தியாசம் பொய் சொல்லவில்லை, ஐந்து ரூபாய் ஐந்து ரூபாய்தான். ஆனால் அது ஒரு டம்ளரைப் பற்றி மட்டும் சொல்கிறது. ஒன்றரை என்ற எண் அதைவிட அதிகம் சொல்கிறது. டீக்கு மாதம் 300 ரூபாய் செலவழித்தவருக்கு இனி 450. 1,200 செலவழித்தவருக்கு 1,800. ஊரில் யார் எத்தனை டம்ளர் குடித்தாலும் அவரவர் செலவு ஒன்றரை மடங்கு. ஒரே எண் எல்லோருக்கும் பொருந்துகிறது. கோபம் வந்தது அந்த ஒன்றரையின் மேல்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஒப்பிட இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கழித்தல் ஒன்றுக்குப் பதில் சொல்கிறது, பெருக்கல் மற்றதற்கு.

கவாத்துக் குச்சியும் பெஞ்சும்

தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். வெட்டிய குச்சிகள் அடுப்புக்கு வரும். என் வீட்டுத் திண்ணை ஓரத்தில் எப்போதும் ஒரு கட்டு கிடக்கும். ஒரு நாள் அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்து ஒரு சிறுமியிடம் கொடுத்து, "இந்தப் பெஞ்சு இந்தக் குச்சிக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். குச்சியை வைத்து, முனையில் கட்டைவிரலால் அழுத்தி, தூக்கி, மறுபடி வைத்து நகர்ந்துகொண்டே போனாள். ஏழு குச்சி முடிந்ததும் கொஞ்சம் மிச்சம். குச்சியின் பாதியில் விரலை வைத்துப் பார்த்து, "ஏழரை சார்" என்றாள்.

பக்கத்திலிருந்த பையனிடம் அதே குச்சியைச் சரிபாதியாக ஒடித்துக் கொடுத்தேன். அவனுக்குப் பதினைந்து வந்தது. "நீ தப்பா அளந்துட்ட" என்று அவள் அவன்மேல் பாய்ந்தாள். அவன் திரும்ப அளந்தான். திரும்பவும் பதினைந்து.

இரண்டு பேரும் சரி. பெஞ்சு மாறவில்லை, அளக்கும் குச்சிதான் மாறியது. குச்சி பாதியானதும் எண் இரட்டித்தது. பெருக்கலின் உள்வேலை முழுவதும் அந்தப் பெஞ்சின் மேலேயே கிடக்கிறது. அதில் மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று, அளக்கப்படும் பொருள், அதாவது பெஞ்சு. இரண்டாவது, எதை "ஒன்று" என்று வைத்துக்கொண்டோமோ அது, அதாவது குச்சி. இதை அளவுகோல் என்று சொல்லுவோம். மூன்றாவது, இரண்டையும் சேர்க்கும் எண்: ஏழரை. அந்த எண்ணுக்குப் பெயர்தான் மடங்கு. எழுதினால் இப்படி வரும்:

பெஞ்சு = ஏழரை × குச்சி

ஏழரைக்குப் பின்னால் அடி, மீட்டர் என்று எதுவும் ஒட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நீளத்தை இன்னொரு நீளத்தால் அளந்தோம், வெறும் எண் மட்டும் மிஞ்சியது. மடங்கு என்ற சொல்லிலேயே இந்தப் படம் இருக்கிறது. மடங்குவது என்றால் மடிவது. புடவையை எட்டாக மடித்து வைத்தால் அதன் நீளம் ஒரு மடிப்பின் எட்டு மடங்கு.

நம் பாட்டிமார் இந்தக் கணக்கைத் தினமும் போட்டார்கள். எட்டு படி ஒரு மரக்கால். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. மூன்று மரக்கால் ராகியை ஆழாக்கால் அளந்தால் எத்தனை? மூன்று மரக்கால் 24 படி, 24 படி 192 ஆழாக்கு. இங்கே யாரும் ராகியோடு ராகியைச் சேர்க்கவில்லை. ராகி அதே ராகி. அளக்கும் பாத்திரம் சிறியதாகிக்கொண்டே போனது, அவ்வளவுதான். மரக்கால் ஆழாக்கைப்போல 64 மடங்கு, ஏனென்றால் 8 × 8. மடங்கின் மேல் மடங்கு வந்தால் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். இதை மறந்து நான் ஒருமுறை ஏமாந்த கதை பின்னால் வருகிறது.

ரஷ்யாவில் வசிலி தவீதவ் என்ற உளவியலாளர் சின்னப் பிள்ளைகளுக்குப் பெருக்கலை இந்த வழியில்தான் அறிமுகப்படுத்தினார். பெரிய அளவுகோலில் இருக்கும் ஒன்றைச் சின்ன அளவுகோலுக்கு மாற்றும் வேலையாகப் பெருக்கலைக் காட்டினார். படியும் ஆழாக்கும் புழங்கிய வீட்டுக்கு அது புது விஷயமாக இருந்திருக்காது.

திரும்பத் திரும்பக் கூட்டினால் போதாதா?

பெருக்கல் என்றால் திரும்பத் திரும்பக் கூட்டுவது என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். 4 × 3 என்றால் 3 + 3 + 3 + 3. இரண்டாம் வகுப்புக்கு அது போதும், நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். முழு எண்ணில் விடையும் சரியாகவே வரும். சிக்கல், அதோடு சேர்ந்து மனதில் குடியேறும் ஒரு நம்பிக்கை: பெருக்கினால் பெரிதாகும்.

இதற்கு நம் மொழியும் கொஞ்சம் உடந்தை. பெருக்கல் என்ற சொல்லே பெருகுவதிலிருந்து வருகிறது. ஆற்றில் வெள்ளம் பெருகினால் ஆடிப்பெருக்கு. அப்படியிருக்க, பெருக்கி ஒரு எண் சின்னதாகும் என்று பிள்ளை எப்படி நம்பும்?

ஒரு பையனிடம் கேட்டேன்: மலைப்பூண்டு கிலோ 320 ரூபாய், முக்கால் கிலோ என்ன விலை? அவன் 320-ஐ 0.75-ஆல் வகுத்தான். ஏன் வகுத்தாய் என்றேன். "விலை கம்மியாகணும்ல சார், அதான்." வந்த விடை 426 ரூபாய் சொச்சம். முழு கிலோவே 320 என்றால் முக்கால் கிலோவுக்கு எப்படி 426 என்று கேட்டதும் சிரித்துவிட்டான். அவன் முட்டாள் இல்லை. "முக்கால் தடவை கூட்டு" என்று சொன்னால் யாருக்குத்தான் புரியும்? ஒரு தடவை கூட்டலாம், இரண்டு தடவை கூட்டலாம். முக்கால் தடவை எப்படிக் கூட்டுவது?

அளவுகோலாகப் பார்த்தால் முடிச்சு தானாக அவிழ்கிறது. ஒரு கிலோ விலையை ஒரு நீளமான கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது அந்தக் கயிற்றில் முக்கால். 320 × ¾ = 240. ஒன்றைவிடப் பெரிய எண்ணால் பெருக்கினால் கயிறு நீளும், ஒன்றைவிடச் சின்ன எண்ணால் பெருக்கினால் சுருங்கும், ஒன்றால் பெருக்கினால் அப்படியே இருக்கும்.

இங்கே தமிழில் ஒரு வேடிக்கை. ஒன்றுக்கு மேலே போனால் நாம் மடங்கு என்கிறோம், ஒன்றுக்குக் கீழே வந்தால் பங்கு என்கிறோம். "மூன்று மடங்கு", ஆனால் "முக்கால் பங்கு". பேச்சில் இரண்டு சொல், கணக்கில் ஒரே வேலை. பிள்ளைகள் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதே தமிழ் இன்னொரு இடத்தில் பெருக்கலை அழகாக ஒளித்து வைத்திருக்கிறது. அரைக்கால் என்றால் என்ன? காலில் அரை. ½ × ¼ = ⅛. சொல்லே பெருக்கிவிட்டது. முக்கால் என்றால் மூன்று கால், 3 × ¼. காலோடு ஒட்டி நின்றால் பெருக்கல். நடுவில் ஒரு "ஏ" நுழைந்தால் கூட்டல்: காலே அரைக்கால் என்றால் ¼ + ⅛. "முக்காலே மூணு வீசம் பேரு இப்படித்தான்" என்று சொல்வோமே, அதில் வீசம் என்பது பதினாறில் ஒன்று. பதினாறில் பன்னிரண்டும் மூன்றும் சேர்ந்து பதினைந்து. ஒரே ஒரு வீசம்தான் குறை. (ஒன்றரை, இரண்டரை எல்லாம் "ஏ" இல்லாமலே கூட்டலாக நிற்கின்றன. மொழி எப்போதும் வாத்தியார் சொன்னபடி கேட்பதில்லை.) பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் முழு எண்ணுக்குப் போலவே பின்னத்துக்கும் வாய்ப்பாடு மனப்பாடம் செய்வித்தார்கள். அவர்களுக்குப் பெருக்கிச் சின்னதாவது அதிர்ச்சியாக இருந்திருக்காது.

சுருக்கமாக: கூட்டல் என்பது பெருக்கலுக்குள் நுழைய ஒரு வாசல். உள்ளே போனபின் நடப்பது நீட்டலும் சுருக்கலும்.

12-க்கு 1

மடங்கு எங்கே தோளில் சுமை தூக்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் எங்கள் நீலகிரி மலை ரயிலில் கல்லாறு தாண்டிப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கி, 1908-இல் ஊட்டியை எட்டிய பாதை. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 46 கிலோமீட்டர் தூரம், அதற்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம்.

இந்தப் பாதை எவ்வளவு செங்குத்து? "1,900 மீட்டர் ஏறுகிறது" என்பது பதில் இல்லை. அதே 1,900 மீட்டரை 500 கிலோமீட்டரில் ஏறினால் பயணிக்குத் தெரியவே தெரியாது. செங்குத்து என்பது இரண்டு அளவுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு உறவு: முன்னால் போவது எவ்வளவு, மேலே ஏறுவது எவ்வளவு. மலை ரயிலில் மிகச் செங்குத்தான இடத்தில் அந்த உறவு ஏறக்குறைய 12-க்கு 1. 12 மீட்டர் முன்னால் போனால் 1 மீட்டர் மேலே. 12 அடி போனால் 1 அடி, 12 சாண் போனால் 1 சாண். எந்த அளவுகோலை எடுத்தாலும் 12-க்கு 1 மாறாது. இப்படி இரண்டு அளவுகளை மடங்கால் ஒப்பிட்டுச் சொல்வதற்கு விகிதம் என்று பெயர்.

மும்பை - புனே வழியில் இருக்கும் போர்காட் ஏற்றம் 37-க்கு 1. பெரிய ரயில் பாதைகளில் அதுவே கடுமையான ஏற்றம். இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் பிள்ளைகள் 37 பெரிசு, அதனால் போர்காட் செங்குத்து என்பார்கள். அப்படியல்ல. ஒரு மீட்டர் ஏற அங்கே 37 மீட்டர் கிடைக்கிறது, இங்கே 12 மீட்டர்தான் கிடைக்கிறது. 37-இல் 12 ஏறக்குறைய மூன்று முறை அடங்கும். ஆக, நம் பாதை அதைப்போல மூன்று மடங்கு செங்குத்து.

மூன்று மடங்கு என்பது சும்மா ஒரு எண் இல்லை. அந்த ஏற்றத்தில் வெறும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். அதனால்தான் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறுகிறது. எஞ்சின் முன்னால் இழுக்காமல் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. குன்னூருக்கு மேலே ஏற்றம் தணிகிறது, பல் சட்டமும் அங்கேயே முடிகிறது. எந்த இடத்தில் பல் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று முடிவு செய்தது மொத்த ஏற்றம் அல்ல, விகிதம்.

நாலு கிலோ கொழுந்து, ஒரு கிலோ தூள்

பச்சைத் தேயிலைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டி, உருட்டி, காயவைத்து முடித்தால் ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலு கிலோ, சில சமயம் நாலரை கிலோ கொழுந்து பிடிக்கும். கணக்குக்கு நாலு என்று வைத்துக்கொள்வோம்.

10 கிலோ கொழுந்துக்கு இரண்டரை கிலோ தூள். 20 கிலோவுக்கு? ஒரு பிள்ளை பன்னிரண்டரை என்றது. கொழுந்து பத்து கூடியது, அதனால் தூளும் பத்து கூடட்டும் என்று. இது கவனக்குறைவு இல்லை. வித்தியாசத்தை மட்டுமே பார்த்துப் பழகிய மனம் இப்படித்தான் யோசிக்கும். கொழுந்து இரண்டு மடங்கானால் தூளும் இரண்டு மடங்கு, ஐந்து கிலோ. ஒன்று எத்தனை மடங்கானாலும் மற்றதும் அத்தனை மடங்காவதற்கு நேர் விகிதம் என்று பெயர்.

சிறு விவசாயிகள் வீட்டில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. ஒரு பேச்சுக்கு இலை கிலோ 20 ரூபாய், தூள் கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நம்மகிட்ட இருபதுக்கு வாங்கி ஆறு மடங்குக்கு விக்கிறாங்க" என்பார்கள். ஒரு கிலோவை ஒரு கிலோவோடு வைத்துப் பார்த்தால் ஆறு மடங்குதான். ஆனால் ஒரு கிலோ தூளுக்குள் நாலு கிலோ இலை இருக்கிறது, அதன் விலை 80 ரூபாய். 120 அந்த 80-இன் ஒன்றரை மடங்கு. அந்த ஒன்றரை நியாயமா இல்லையா என்று தாராளமாகச் சண்டை போடலாம், நானும் விவசாயி பக்கம்தான் நிற்பேன். ஆனால் ஆறு என்று சொல்லிக்கொண்டு சண்டைக்குப் போனால் எதிராளி முதல் நிமிஷத்திலேயே நம்மை மடக்கிவிடுவார்.

கேரட் வழக்கு

இப்போது டீக்கடைக்குத் திரும்பலாம். 20 ரூபாய் 60 ரூபாய் ஆனது. இளையவர் புதிய விலையைப் பழைய விலையால் அளந்தார்: மூன்று மடங்கு. பெரியவர் ஏறிய தொகையைப் பழைய விலையால் அளந்தார்: 40-இல் 20 இரண்டு முறை. அளவுகோல் இருவருக்கும் ஒன்றுதான், 20 ரூபாய். அளந்த பொருள்தான் வேறு.

அதனால் "மூன்று மடங்கு ஆனது" என்றாலும் சரி, "இரண்டு மடங்கு கூடியது" என்றாலும் சரி. வம்பு வருவது "மூன்று மடங்கு ஏறியது" என்னும்போதுதான். அதை 60 என்றும் படிக்கலாம், கணக்காகப் பார்ப்பவர் 80 என்றும் படிக்கலாம். "மும்மடங்கு உயர்வு" என்று பத்திரிகைத் தலைப்பு வந்தால் நான் முதலில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும்தான் தேடுவேன். எழுதுபவர்கள் "ஆனது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

சதவீதத்திலும் இதே கதைதான். அளவுகோலை 100 துண்டாக வெட்டி, எத்தனை துண்டு என்று சொல்வது சதவீதம். 20 ரூபாய் 60 ஆனால் உயர்வு 200 சதவீதம். அடுத்த மாதம் 60 திரும்ப 20 ஆனால்? ஏறியது 200 என்பதால் இறங்கியதும் 200 சதவீதம் என்று வாய் தவறிவிடும். 100 சதவீதம் இறங்கினாலே கேரட் இனாம். இப்போது அளவுகோல் 60. இறங்கிய 40 அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 67 சதவீதம். ஏறும்போது ஒரு குச்சியால் அளந்தோம், இறங்கும்போது வேறு குச்சியால் அளக்கிறோம்.

இனி நான் ஏமாந்த கதை. ஒரு ஜவுளிக்கடையில் ஸ்வெட்டருக்கு 50 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு 20 சதவீதம் என்று அட்டை தொங்கியது. 1,000 ரூபாய் ஸ்வெட்டர். ஐம்பதும் இருபதும் எழுபது, 300 ரூபாய் கொடுத்தால் போதும் என்று மனதில் முடிவு கட்டி மூன்று நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினேன். பில் 400 ரூபாய். கல்லாவில் இருந்த பையன் பொறுமையாகச் சொன்னான்: "சார், முதல்ல பாதி, ஐந்நூறு. அந்த ஐந்நூறுலதான் இருபது சதவீதம்." 0.5 × 0.8 = 0.4. மரக்கால், படி, ஆழாக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான், சதவீதத்தைக் கூட்டிவிட்டேன். கடைமேல் ஒரு தப்பும் இல்லை. பின்னால் வரிசையில் என்னிடம் படிக்கும் பிள்ளையின் அம்மா வேறு நின்றுகொண்டிருந்தார்.

இந்தப் பகுதியில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இது: மடங்கு என்று காதில் விழுந்தால் "எது? எதைப்போல?" என்று இரண்டையும் கேளுங்கள். மடங்குகள் அடுத்தடுத்து வந்தால் பெருக்குங்கள்.

மடங்கு செல்லாத இடங்கள்

ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளியில் உறைபனி படிந்து காலையில் உப்பு கொட்டிய மாதிரி கிடக்கும். அப்படி ஒரு காலையில் ஊட்டியில் 5 டிகிரி, மேட்டுப்பாளையத்தில் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் நாலு மடங்கு சூடா?

இதையே பாரன்ஹீட்டில் எழுதினால் 41-ம் 68-ம். இப்போது ஒன்றே முக்கால் மடங்குகூட வரவில்லை. காற்று மாறவில்லை, எழுதும் முறை மாறியதும் மடங்கும் மாறிவிட்டது. அடுத்த நாள் ஊட்டியில் பூஜ்யத்துக்குக் கீழே 1 டிகிரிக்குப் போனால் மடங்கு இன்னும் கேலிக்கூத்தாகும்.

குச்சி விஷயத்தில் இப்படி நடக்கவில்லையே? குச்சி பாதியானதும் பெஞ்சின் எண் மாறியது உண்மை. ஆனால் பெஞ்சு மேசையைப்போல எத்தனை மடங்கு என்று கேட்டால் எந்தக் குச்சியால் அளந்தாலும் ஒரே பதில்தான். ஏனென்றால் நீளத்தில் பூஜ்யம் என்றால் நிஜமாகவே நீளம் இல்லை. செல்சியஸில் பூஜ்யம் என்பது சூடே இல்லை என்று அர்த்தமில்லை, தண்ணீர் உறையும் இடத்தில் வசதிக்காக வைத்த கோடு அது. நிஜப் பூஜ்யம் செல்சியஸில் மைனஸ் 273-க்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அங்கிருந்து எண்ணுவதற்குக் கெல்வின் என்ற அளவு இருக்கிறது. அதில் ஊட்டி 278, மேட்டுப்பாளையம் 293. மடங்கு 1.05. வெப்பநிலைக்கு "15 டிகிரி கூட" என்பதுதான் உருப்படியான பேச்சு.

உயரமும் கொஞ்சம் அந்த ரகம்தான். கடல் மட்டத்திலிருந்து எண்ணினால் ஊட்டி மேட்டுப்பாளையத்தைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு உயரம். மேட்டுப்பாளையத்துத் தரையிலிருந்தே எண்ணத் தொடங்கினால் அந்த ஏழு காணாமல் போய்விடும். ஏற வேண்டிய 1,900 மீட்டர் எங்கேயும் போகாது. மணியும் அப்படியே. எட்டு மணி நேரம் நாலு மணி நேரத்தின் இரு மடங்கு. எட்டு மணி நாலு மணியின் இரு மடங்கு இல்லை.

வயது ஒரு விசித்திரமான கேஸ். கொடைக்கானல் பக்கம் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுக்கப் பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. 2006-இல் பூ இருந்த நாளில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு அன்று 24 வயது. அன்று அம்மாவின் வயது மகளைப்போல எத்தனை மடங்கு என்று கேட்கவே முடியாது. பூஜ்யத்தை எத்தனை முறை மடித்தாலும் 24 வராது. 2018-இல் மகளுக்கு 12, அம்மாவுக்கு 36. மூன்று மடங்கு. கணக்குப்படி அடுத்த பூ 2030-இல் வர வேண்டும். அப்போது 24-ம் 48-ம், இரண்டு மடங்கு. 2042-இல் 36-ம் 60-ம். ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை.

இந்தக் கணக்கைத் திண்ணையில் போட்டபோது குச்சிக்காரச் சிறுமி கேட்டாள்: "அப்ப மக ஒரு நாள் அம்மாவைப் பிடிச்சிடுவாளா சார்?"

"மடங்கு ஒன்றை நெருங்கிக்கொண்டே போகும், தொடாது" என்றேன். அவள் விரலை மடக்கி ஒவ்வொரு பூவுக்கும் கழித்துப் பார்த்தாள். நாலு முறையும் 24.

"இது மட்டும் மாறவே இல்லையே" என்றாள்.